தர்ஷினி எங்கே ஓடுகிறாள்?

புதிதாகச் சேர்ந்திருக்கிற உங்களிடம் பேச என்னைக் கூப்பிட்டபோது, எதைப் பற்றிப் பேசுவது என்று கேட்டேன். "உங்க அனுபவத்தைச் சொல்லுங்க டீச்சர்" என்றார்கள். மயிலம் பக்கமும் திண்டிவனம் பக்கமும் ஸ்கூட்டியில் சுற்றி, உங்களைப் போலவே மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்குச் சிறப்பாசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். அனுபவத்துக்குக் குறைச்சல் இல்லை. ஆனால் குழந்தைக்கு எப்படிச் சொல்லிக்கொடுப்பது, வீட்டுக்குப் போனால் என்ன கேட்பது என்பதெல்லாம் போகப் போக உங்களுக்கே கைவந்துவிடும். லேசில் கைவராதது ஒன்று உண்டு. ஒரு அம்மா உங்கள் முகத்தைப் பார்த்து, "ஆஸ்பத்திரியில எப்பவோ ஒரு தேதி குடுத்துக்கிறாங்க டீச்சர். அதுவரைக்கும் நான் என்னா பண்றது?" என்று கேட்பாள். இந்த வேலையில் உங்களிடம் அதிகம் கேட்கப்படப் போகிற கேள்வி அதுதான்.

என்னிடம் அப்படிக் கேட்டவர்களில் ஒருத்தி வளர்மதி. கூட்டேரிப்பட்டு கூட்ரோட்டில், நெடுஞ்சாலையிலிருந்து மயிலம் ரோடு பிரிகிற முனையில் டிபன் கடை வைத்திருந்தாள். கணவர் சங்கர் லாரி ஓட்டுநர். லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போனால் திரும்பி வர வாரக்கணக்கில் ஆகும். ஒரே மகள் தர்ஷினி. பள்ளியில் சேர்க்க வேண்டிய வயது. பேச்சு வரவில்லை, கூப்பிட்டால் திரும்புவதில்லை, விட்டால் ஓடிவிடுகிறாள் என்று அங்கன்வாடியிலிருந்து எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். அப்படித்தான் அந்தக் கடைக்கு முதலில் போனேன்.

அரசு ஆஸ்பத்திரியில் பதிவு செய்தோம். உங்களுக்குத் தெரியும், இந்த மாதிரிக் குழந்தைகளைப் பார்க்கிற உளவியலாளர் அங்கே ஒருவர்தான். சுற்றுவட்டாரம் முழுக்க அவரிடம்தான் போகிறது. அவர் அவசரப்படாமல் பார்க்கிறவர். அதனாலேயே வரிசை நீளம். தர்ஷினிக்குக் கிடைத்த தேதி அடுத்த வருஷத்தில் இருந்தது. "அதுக்குள்ள புள்ள இன்னும் வளந்துடுமே டீச்சர்" என்றாள் வளர்மதி. நான் வாரம் ஒருமுறை போய் வந்துகொண்டிருந்தேன்.

ஒரு நாள் காலையில் அவளிடமிருந்து போன். பேச முடியாமல் அழுகிறாள். "டீச்சர், புள்ளைய தூக்கிக்கினு போவ ஆளு வந்துக்கிறாங்க டீச்சர். ஜல்தி வாங்க."

போய்ப் பார்த்தால் கடை முன்னால் கூட்டம். விஷயம் இதுதான். வளர்மதி ஒற்றை ஆளாக இட்லி ஊற்றி, தோசை வார்த்து, வேர்க்கடலையை வறுத்து மல்லாட்டைச் சட்னி அரைத்து, பார்சல் கட்ட வேண்டும். இரண்டு கையும் வேலையில் இருக்கிற நேரத்தில் தர்ஷினி ரோட்டுக்கு ஓடிவிடுவாள். அதனால் பழைய புடவையை மடித்து, குழந்தையின் இடுப்பில் ஒரு முனையையும் கடைக் கம்பத்தில் ஒரு முனையையும் கட்டியிருக்கிறாள். சாப்பிட வந்த யாரோ அதை வீடியோ எடுத்துப் பரப்பிவிட்டார்கள். பெற்ற பிள்ளையை நாயைப் போலக் கட்டிவைத்திருக்கிறாள் என்று யாரோ புகாரும் கொடுத்துவிட்டார்கள். குழந்தைகள் பாதுகாப்பு அதிகாரி ஒருவர், பெண் காவலரோடு வந்து நிற்கிறார்.

அந்த அதிகாரியைக் கெட்டவர் என்று நினைத்துவிடாதீர்கள். கட்டப்பட்டுக் கிடக்கிற குழந்தையைப் பார்த்ததும் அவர் முகம் வாடிப்போனதை நான் பார்த்தேன். "அம்மா, இது தப்பும்மா. குழந்தையைக் காப்பகத்துல வெக்கிறோம். அங்க நல்லா பாத்துப்பாங்க" என்று சொல்லிக்கொண்டே குனிந்து, தன் கையாலேயே முடிச்சை அவிழ்த்தார்.

"சார், அவுக்காதீங்க!" என்று வளர்மதி கத்தினாள்.

துணி விழுந்த மறுகணம் தர்ஷினி இல்லை. அவருடைய காலுக்கும் பெஞ்சுக்கும் நடுவில் புகுந்து மயிலம் ரோட்டுக்குப் பாய்ந்துவிட்டாள். திரும்பிக்கொண்டிருந்த பஸ் பிரேக் அடித்த சத்தம் இப்போதும் என் காதில் இருக்கிறது. நானும் ஓடினேன், அதிகாரியும் ஓடினார். ஆனால் எங்களுக்கு முன்னால் வளர்மதி ஓடி, பஸ்ஸின் முன் சக்கரத்துக்குப் பக்கத்திலிருந்து குழந்தையை வாரித் தூக்கியிருந்தாள். கையில் தோசைக் கரண்டி அப்படியே இருந்தது.

அதிகாரி கடை பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். தண்ணீர் கேட்டார். கூட்டத்தில் அதுவரை திட்டிக்கொண்டிருந்த ஒருவர்தான் ஓடிப்போய் எடுத்துக் கொடுத்தார்.

"மேடம், இந்தக் குழந்தைக்கு என்ன பிரச்சினை?" என்று என்னைக் கேட்டார்.

இங்கே கொஞ்சம் நிறுத்தி ஒன்று சொல்கிறேன். 'ஆட்டிசம்' என்ற வார்த்தை என் நாக்கு நுனியில் இருந்தது. எத்தனையோ குழந்தைகளைப் பார்த்தவள், எனக்குத் தோன்றாமல் இருக்குமா? ஆனால் சொல்லவில்லை. அதைச் சொல்லும் தகுதி எனக்கு இல்லை. கூட்டத்துக்கு நடுவில் ஒரு வார்த்தையைப் போட்டுவிட்டால், சரியோ தவறோ, அந்த ஊர் அதை அந்தக் குழந்தைமேல் ஒட்டிவிடும். பார்த்ததை மட்டும் சொன்னேன். "இந்தக் குழந்தைக்கு ரோடு ஆபத்துன்னு தெரியல சார். அம்மாவுக்குத் தெரியுது. வேற வழி தெரியாமத்தான் கட்டியிருக்காங்க. என்ன பிரச்சினைன்னு பார்த்துச் சொல்ல வேண்டியவங்க பார்க்கணும். ஆஸ்பத்திரியில தேதி வாங்கியிருக்கோம்."

"எப்போ?"

சொன்னேன். தலையில் கை வைத்துக்கொண்டார். "அவ்ளோ நாள் என்னால காத்திருக்க முடியாது மேடம். அடுத்த வாரம் குழந்தைகள் நலக் கமிட்டி உக்காருது. அதுக்குள்ள நிபுணர் யாராவது பார்த்து ஏதாவது எழுதிக் கொடுத்தா, அதை வெச்சு நான் பேசிப் பாக்கிறேன். இல்லன்னா எனக்கு வேற வழி இல்ல."

அவர் போன பிறகு வளர்மதி அடுப்பை அணைத்தாள். வியாபார நேரத்தில் அவள் அடுப்பை அணைத்து நான் பார்த்ததே இல்லை. "பிரைவேட்ல போயி பாத்துடலாம் டீச்சர். எவ்ளோ பேஜாரு ஆனாலும் பரவால்ல" என்றாள்.

அதற்குள் சங்கருக்கும் செய்தி போய்விட்டது. எங்கேயோ ஆந்திராவில் ஒரு பெட்ரோல் பங்க்கில் லாரியை நிறுத்திவிட்டுப் பேசினார். கூட ஓட்டுகிறவர் யாரோ நகரத்தில் ஒரு சென்டரைச் சொல்லியிருக்கிறார். மூன்று மாதத்தில் குழந்தையை முழுசாகச் சரிசெய்துவிடுவார்களாம். "அங்கியே சேத்துடலாம் டீச்சர். நீங்க ஒரு வார்த்தை சொல்லுங்க, அவ கேப்பா" என்றார்.

இப்படி ஒரு இடத்தில் நீங்களும் மாட்டுவீர்கள். கேட்பவர் குழந்தையின் அப்பா. தூரத்தில் இருக்கிற ஆளுக்குத் தன் பிள்ளைக்காகச் செய்ய முடிகிற ஒரே காரியம் அது. முகத்தில் அடித்த மாதிரி வேண்டாம் என்று சொல்லிவிட்டால் நம்மேல் இருக்கிற நம்பிக்கை போய்விடும். சரி என்று சொன்னாலோ, 'முழுசாகச் சரிசெய்கிறோம்' என்று விற்கிறவர்களிடம் நாமே கொண்டுபோய் விட்டதாகிவிடும். "போன் போட்டுப் பேசிப் பாக்கலாம். வளர்மதியே பேசட்டும்" என்றேன்.

ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள். எடுத்த பெண் இனிமையாகத்தான் பேசினாள். என்றைக்குச் சேர்க்கிறீர்கள், தங்குகிற வசதி வேண்டுமா, எந்தப் பேக்கேஜ் என்று வரிசையாகக் கேட்டாள். வளர்மதி எல்லாவற்றுக்கும் "கேட்டுச் சொல்றேங்க" என்று சொல்லிவிட்டு வைத்தாள்.

"புள்ள பேரு என்னான்னு ஒரு வார்த்தை கேக்கல டீச்சர். வயசு கூடக் கேக்கல. எப்பிடி சரி பண்ணுவாங்களாம்?"

சங்கரிடமும் அதையே சொன்னாள். அவர், "அப்ப உனக்கு எது சரின்னு படுதோ பண்ணு" என்றார்.

தனியாரில் எல்லோரும் அப்படி இல்லை. அதையும் சேர்த்தே நினைவில் வையுங்கள். திண்டிவனத்தில் ஒரு மருந்துக்கடை மாடியில், சனி ஞாயிறுகளில் மட்டும் குழந்தைகளைப் பார்க்கிற உளவியலாளர் ஒருவர் இருந்தார். என் மகள் வயதுதான் இருக்கும். விழுப்புரத்திலிருந்து பஸ்ஸில் வந்து போவார். அவருக்குப் போன் செய்து நடந்ததைச் சொன்னேன்.

"இந்த வாரம் ஒரு இடம்கூட இல்லைங்க மேடம். காலையிலிருந்து சாயங்காலம் வரைக்கும் ஆளுங்க இருக்காங்க" என்றார். நான் சரி என்று சொல்லி வைக்கப் போனபோது அவரே, "கடை கூட்டேரிப்பட்டுலதானே? நான் வர்ற பஸ் அங்க நின்னுதானே வருது. சனிக்கிழமை முதல் பஸ்ல கிளம்பி அங்கியே எறங்கிடறேன். குழந்தை எங்க ஓடுதோ அங்கதான் பாக்கணும்" என்றார்.

சனிக்கிழமை காலை வந்தார். பையை பெஞ்சில் வைத்துவிட்டு, முதலில் ஒரு இட்லி சாப்பிட்டார். சாப்பிட்டுக்கொண்டே தர்ஷினியைப் பார்த்தார். பார்க்காத மாதிரிப் பார்த்தார் என்று சொல்ல வேண்டும். குழந்தையைக் கூப்பிடவில்லை, பொம்மையை நீட்டவில்லை. அப்புறம் வளர்மதியிடம் கேட்டார்: "எங்க ஓடுறா?"

"ரோட்டுக்குத்தாங்க."

"ரோட்டுக்கு ஓடி, ரோட்டுலியே நிக்கிறாளா?"

அந்தக் கேள்வியை நாங்கள் யாருமே கேட்டதில்லை. ரோட்டுக்கு ஓடுகிறாள் என்றால் பிடித்து இழுத்து வருவோம். நடுவிலேயே பிடித்துவிடுவதால், விட்டால் எங்கே போய் நிற்பாள் என்று யாருக்கும் தெரியாது.

"நான் ஒரு கை புடிச்சிக்கிறேன், நீங்க ஒரு கை புடிங்க மேடம். அம்மா வண்டிங்கள நிறுத்தட்டும். அவ எங்க இழுக்கிறாளோ அங்க போவோம்" என்றார்.

அப்படியே செய்தோம். வளர்மதி ரோட்டின் நடுவில் இரண்டு கையையும் விரித்து நின்றாள். தர்ஷினி எங்களை இழுத்துக்கொண்டு மயிலம் ரோட்டைத் தாண்டி, எதிர்ப்பக்கத்தில் இருந்த பஞ்சர் கடைக்குப் போனாள். கடைக்காரர் பாஷா பாய் ஒரு காரை ஜாக்கியில் தூக்கி நிறுத்தி, சக்கரத்தைச் சுற்றிவிட்டுக் கோணலைப் பார்த்துக்கொண்டிருந்தார். தர்ஷினி அந்தச் சக்கரத்துக்கு முன்னால் மண்ணில் உட்கார்ந்தாள். ஒரு நிமிஷம் ஓரிடத்தில் நிற்காத குழந்தை, அசையாமல் உட்கார்ந்து அதையே பார்த்தாள். அவளுடைய தோள் தளர்ந்ததை நான் கண்ணால் பார்த்தேன்.

சக்கரம் நின்றது. அவள் எழுந்து பாஷா பாயின் கையைப் பிடித்தாள். முகத்தை ஏறிட்டுப் பார்க்கவில்லை. கிரீஸ் அப்பியிருந்த அந்தக் கையைத் தூக்கிச் சக்கரத்தின்மேல் வைத்தாள்.

"பாத்தீங்களா?" என்றார் உளவியலாளர், பின்னாலேயே வந்து நின்ற வளர்மதியிடம். அவர் குரலில் அவ்வளவு சந்தோஷம். "கேக்கிறா. வாய் வரல, அதனால கையை வெச்சுக் கேக்கிறா. அவ ஒண்ணும் உங்ககிட்டேர்ந்து ஓடலம்மா. அவளுக்குப் புடிச்சது இங்க இருக்குது, அதுக்கு வந்திருக்கா."

பாஷா பாய்க்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் சக்கரத்தை மறுபடி சுற்றிவிட்டார். "அட, இதுக்காடா கண்ணு உயிரப் பணயம் வெச்சு வர்ற?" என்றார்.

ஒரு காலையில் முடிகிற வேலை இல்லை அது. காது பரிசோதனை செய்யச் சொன்னார். காது நன்றாகக் கேட்டது. மறுநாள் திண்டிவனத்து அறையில், கடைசி ஆளும் போன பிறகு, உட்கார வைத்துப் பார்த்தார், அங்கன்வாடிப் பணியாளரிடம் போனில் பேசினார், பிறந்ததிலிருந்து நடந்ததை எல்லாம் வளர்மதியிடம் பொறுமையாகக் கேட்டார். கமிட்டி உட்காருவதற்கு முந்தின நாள் மறுபடி கடைக்கே வந்து, பெஞ்சில் அவளைப் பக்கத்தில் உட்கார வைத்துச் சொன்னார். ஆட்டிசம்தான். சுற்றி வளைக்காமல் சொன்னார். ஆனால் அவசரப்படாமல் சொன்னார்.

வளர்மதி அழவில்லை. முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டே ஒன்று கேட்டாள். "நான் கட்டிப் போட்டேனே, அதனால வந்துச்சாங்க?"

எத்தனை மாதமாக அதை மனசுக்குள் வைத்திருந்தாளோ தெரியாது.

"இல்லம்மா. இது அவ பொறக்கும்போதே கூட வந்தது. நீங்க புடிச்சி வெச்சதாலதான் இன்னிக்கு என் எதிர்ல உக்காந்திருக்கா. ஆனா இனிமே கட்ட வேணாம். அதுக்கு வேற வழி பண்ணுவோம்" என்றார்.

அப்போதுதான் அழுதாள். நான் அடுப்புப் பக்கம் போய் நின்றுகொண்டேன். சில நேரங்களில் நம் வேலை நகர்ந்து நிற்பதுதான்.

இன்னொன்றையும் அவர் ஒளிக்காமல் சொன்னார். "நான் எழுதிக் குடுக்கிறத வெச்சு அரசாங்கச் சான்றிதழ் வாங்க முடியாதும்மா. அதுக்கு ஆஸ்பத்திரியிலதான் பாக்கணும். அந்தத் தேதிய விட்டுடாதீங்க." தனியாரில் காசு கொடுத்துப் பார்க்கிற பெற்றோருக்கு இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். பிறகு தெரிந்தால் ஏமாந்துவிட்டதாக நினைப்பார்கள்.

கமிட்டி விழுப்புரத்தில் கூடியது. உளவியலாளர் எழுதிக் கொடுத்ததை எடுத்துக்கொண்டு வளர்மதியோடு நானும் போனேன். அதிகாரி தானே எழுந்து, அன்றைக்குத் தன் கையால் முடிச்சை அவிழ்த்ததையும் அதற்கப்புறம் நடந்ததையும் சொன்னார். சொல்லாமல் விட்டிருக்கலாம், சொன்னார். குழந்தை அம்மாவிடமே இருக்கட்டும், பாதுகாப்புக்கு ஏற்பாடு செய்ய வேண்டும், சிறப்பாசிரியர் தொடர்ந்து போய்ப் பார்க்க வேண்டும் என்று முடிவானது. வெளியே வந்ததும் அவர் வளர்மதியிடம், "கடைக்கு முன்னாடி தடுப்பு போட்டுடலாம்மா, நான் ஆளை அனுப்புறேன்" என்றார். சொன்னபடியே அனுப்பினார். இடுப்பளவுக்குக் கம்பித் தடுப்பும், குழந்தைக் கைக்கு எட்டாத கொக்கியும் வந்தன.

உளவியலாளர் சொன்ன 'வேற வழி'யை ஆரம்பித்தது பாஷா பாய். பழைய சைக்கிள் சக்கரம் ஒன்றுக்கு எண்ணெய் போட்டுக் கொண்டுவந்து, கடைக்குள்ளே தர்ஷினியின் உயரத்துக்கு ஒரு இரும்புத் தாங்கியில் மாட்டிவிட்டார். "இனிமே என் கடைக்கு வரவேணாம் கண்ணு. நான்தான் வருவேன்" என்றார். நாளுக்கு ஒருமுறையாவது டீ குடிக்க வருகிற சாக்கில் சக்கரத்தைச் சுற்றிவிட்டுப் போவார்.

சக்கரத்தை வைத்துக்கொண்டு வேலையை ஆரம்பித்தோம். சக்கரம் வேண்டுமென்றால் முதலில் கையைப் பிடித்தாள். பிறகு சக்கரப் படம் போட்ட ஒரு அட்டையை எடுத்துக் கொடுக்கக் கற்றாள். அட்டையைக் கொடுத்தால் யாராக இருந்தாலும், கையில் என்ன வேலை இருந்தாலும், ஒரு சுற்று சுற்றிவிட வேண்டும் என்பது கடையின் சட்டம். சாப்பிட வருகிறவர்களுக்கும் அந்தச் சட்டம் பொருந்தும். பஸ் கண்டக்டர்கள், மயிலம் கல்லூரிக்குப் போகிற பிள்ளைகள், நெல் மூட்டை ஏற்றி வருகிறவர்கள் எல்லோரும் சுற்றிவிட்டிருக்கிறார்கள். ரோட்டோரம் மஞ்சள் கோடு போட்டு, அங்கே வந்ததும் நின்று அம்மா கையைப் பிடிப்பதைப் பழக்கினோம். அதற்குத்தான் ரொம்ப நாள் ஆனது. சில வாரம் ஒன்றும் நகராது. தர்ஷினிக்கு உடம்பு முடியாமல் போன ஒரு மாதம், கற்றதெல்லாம் போய்விட்டதோ என்று வளர்மதி பயந்தாள். போகவில்லை. திரும்பி வந்தது.

சங்கர் ஊருக்கு வந்தபோது முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தார். "லாரி சக்கரத்துலியே என் பொழப்பு ஓடுது. ஊட்டுக்கு வந்தாலும் சக்கரமா?" என்றார். தர்ஷினி போய் அட்டையை அவர் மடியில் வைத்தாள். சுற்றிவிட்டார். அவள் மறுபடி வைத்தாள். அன்றைக்கு மத்தியானம் வரை அவர் அந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. மகள் தன்னிடம் எதையுமே கேட்டதில்லை என்று அதுவரைக்கும் வருத்தப்பட்டுக்கொண்டிருந்தவர் அவர். அடுத்த முறை வந்தபோது, போகிற வழியெல்லாம் வாங்கிய காற்றாடிகள் ஒரு பை நிறைய இருந்தன.

தர்ஷினி அங்கன்வாடியில் காலையில் கொஞ்ச நேரம் உட்கார ஆரம்பித்தாள். ஒரு நாள் சக்கரம் நின்றதும், அட்டையைத் தேடாமல், "த்து" என்றாள். 'சுத்து' என்பதில் பாதி. கடையில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் எழுந்து வந்து சுற்றிவிட்டதாக வளர்மதி போனில் சொன்னாள்.

கடைசியாக ஆஸ்பத்திரித் தேதி வந்தது. எனக்குப் பணியில் கடைசி மாதம். அவர்களோடு நானும் போனேன். சங்கரும் லோடு போகாமல் வந்திருந்தார். அந்த அரசு உளவியலாளர் வயதானவர், களைத்திருந்தார். ஆனாலும் தர்ஷினியிடம் நேரம் எடுத்துக்கொண்டு உட்கார்ந்தார். தனியாரில் எழுதிக் கொடுத்ததைப் பக்கம் பக்கமாகப் படித்தார். "நல்லா பாத்திருக்காங்க. எனக்குப் பாதி வேலை மிச்சம்" என்று சிரித்தார். சான்றிதழுக்கு என்ன செய்ய வேண்டும் என்று சொன்னார். பிறகு வளர்மதியைப் பார்த்து, உண்மையான வருத்தத்தோடு சொன்னார்: "உங்கள ரொம்ப நாள் காத்திருக்க வெச்சிட்டோம்மா."

வளர்மதிக்கு அது புரியவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். அப்புறம் அவரிடம் சொன்னாள்:

"நாங்க எங்க சார் காத்துக்கினு இருந்தோம்? வேலையாத்தானே இருந்தோம்."

அவர் பேனாவை மூடி வைத்தார். வெளியே வரிசை நீளமாக இருந்தது. அவருக்கும் அது தெரியும். ஆனாலும் நாற்காலியைக் கொஞ்சம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு, "அப்படியா? என்னென்ன பண்ணீங்க, சொல்லுங்க. வெளியில உக்காந்திருக்கிறவங்களுக்கும் நான் சொல்லணும்" என்றார்.

வளர்மதி சொல்ல ஆரம்பித்தாள்.